வெள்ளிக் காசு: தராசில் போடும் முன் பிரித்துப் பாருங்கள்

“எல்லாத்தையும் மொத்தமா எடை போட்டுக் கொடுத்துடலாமா?” அம்மாவின் பீரோவிலிருந்தோ பாட்டியின் சுருக்குப் பையிலிருந்தோ பழைய வெள்ளிக் காசு கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கொடுத்துவிடாதீர்கள். “எதையுமே விற்கக் கூடாது, கோடி ரூபாய் போகும்” என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள். வீடுகளில் இருக்கும் வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை எடைக்கு விற்கத் தக்கவைதான். நடுவே ஒன்றிரண்டு உருக்குக் கடைக்குப் போகவே கூடாதவையாக இருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு பூதக்கண்ணாடி, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

முதலில் ஆண்டையும் தலையையும் பாருங்கள். ராணிக் காசு, ராஜா காசு என்று நாம் சொல்லும் முழு ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.69 கிராம். இந்த அளவு சென்னை அளவுதான். 1818-இல் சென்னை மாகாணம் 180 கிரெயின் எடையுள்ள ரூபாயைத் தன் நாணயமாக்கியது. 1835-இல் அதே எடை இந்தியா முழுவதற்கும் ஆனது. ஒரு தோலா என்பதும் இதே எடைதான். பழைய மருந்துக் குறிப்புகளில் “ஒரு ரூபாய் எடை” என்றும், மூன்று ரூபாய் எடை ஒரு பலம் என்றும் வருவது இந்தக் காசை வைத்துத்தான். எட்டணா 5.83 கிராம், நாலணா 2.92, இரண்டணா 1.46. எல்லாம் அதே தரம்.

1835 தேதியிட்ட நான்காம் வில்லியம், 1840 விக்டோரியா, 1862 விக்டோரியா, 1877 முதல் 1901 வரை பேரரசி விக்டோரியா, 1903 முதல் 1910 வரை கிரீடமில்லாத வழுக்கைத் தலையோடு ஏழாம் எட்வர்டு, 1911 முதல் 1922 வரை ஐந்தாம் ஜார்ஜ், 1938, 1939-இல் ஆறாம் ஜார்ஜ். இந்த முழு ரூபாய்கள் அத்தனையும் 91.7 தரம். 1940-இல்தான் மாற்றம். போர்க்காலத்தில் வெள்ளியை மிச்சப்படுத்த 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம் என்று கலவையை மாற்றினார்கள். எடை மட்டும் அதே 11.66. ஆகவே 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி 5.83 கிராம்தான். அடையாளம் எளிது: காசின் ஓரத்தைப் பார்த்தால் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடும். கள்ளக் காசைத் தடுக்கப் போட்ட ஓரம் அது. 1947-இல் புலி போட்ட ரூபாயில் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். காந்தம் கப்பென்று பிடிக்கும். 1946, 1947 எட்டணா, நாலணாவும் அப்படித்தான். 1919 முதல் 1921 வரை வந்த செம்பு-நிக்கல் எட்டணா, நாலணாக்களையும் இந்தக் கட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவற்றில் ஏமாறுவது காந்தி காசில். காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் மட்டுமே வெள்ளி: 15 கிராம், 80 சதவீதம், வெள்ளிக் கணக்கு 12 கிராம். 1970-இல் வந்த “எல்லோருக்கும் உணவு” பத்து ரூபாயும் அதே அளவு. அதே காந்தி முகம் போட்ட ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும் நிக்கல். மஞ்சளாக இருக்கும் இருபது பைசா அலுமினிய வெண்கலம். அதில் தங்கம் கலந்திருக்கிறது என்ற வதந்தி ஐம்பது வருடமாக ஓய்ந்தபாடில்லை. 1972 சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாய் 22.5 கிராம், ஆனால் 50 சதவீதம்தான். பிறகு வந்த நினைவு வெளியீடுகளில் 35 கிராம் நூறு ரூபாயும் 50 சதவீதமே.

செட்டிநாட்டுப் பக்கம் வேர் உள்ள குடும்பங்களில் மலாயா, பர்மா வியாபாரத்தில் வந்த பெரிய டாலர் காசுகள் இருக்கும். பிரிட்டிஷ் வர்த்தக டாலர் 26.95 கிராம், 90 சதவீதம். போலி மிக அதிகமாகப் புழங்கும் வகை இது. கீழே சொல்லும் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் இதற்கு விலை பேசாதீர்கள்.

காசைத் தரையில் போட்டு ஓசை பார்ப்பது பழைய வழக்கம். ஓரம் நசுங்கும், அதோடு விலையும் இறங்கும். விரல் நுனியில் படுக்க வைத்து இன்னொரு காசால் லேசாகத் தட்டினால் அதே ஓசை கேட்கும். விரிசல் விட்டதும் வளையம் பற்றவைத்ததும் மந்தமாக ஒலிக்கும். ஆனால் ஓசையை விட நம்பகமானது அடர்த்தி. காசை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் பாதித் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 11.66 கிராம் உள்ள 91.7 தரக் காசுக்கு அது 1.13-ஐ ஒட்டி வரும். 50 சதவீதக் காசுக்கு 1.22. செம்பு-நிக்கலில் அடித்து வெள்ளி முலாம் பூசிய போலிக்கு 1.31, பித்தளை என்றால் 1.37 பக்கம். தேய்ந்த 91.7 தரக் காசுக்கு எடையை 10.34-ஆல் வகுத்தால் வர வேண்டிய எண் கிடைக்கும். சோதனை தவறுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: காசில் ஒட்டிய காற்றுக்குமிழ் எண்ணைக் கூட்டிக் காட்டும், அடியைத் தொட்டால் காசின் எடையே சேர்ந்துவிடும். குமிழ் தெரிந்தால் தூக்கி மறுபடி மெதுவாக இறக்குங்கள். முடிந்ததும் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

கடைகளில் டச், அதாவது வெள்ளி எத்தனை சதவீதம் என்று பார்க்கும் டச் மெஷின் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்-கதிர் போட்டுப் பார்க்கும் அந்த இயந்திரம் மேல்தோலைத்தான் படிக்கும். 50 சதவீதக் காசின் மேற்பரப்பில் வெள்ளி கூடுதலாக இருக்கும் என்பதால் உள்ளதை விட அதிகம் காட்டலாம். முலாம் பூசிய போலி நல்ல வெள்ளி போலவே காட்டலாம். டச்சும் தண்ணீர் எண்ணும் ஒத்துப்போனால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இனி, உருக்கக் கூடாதவை. முதலில் 1911 ரூபாய். ராஜாவின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. அந்த ஆண்டு அதன் துதிக்கை குட்டையாகப் போய், பார்க்கப் பன்றி போலிருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் துதிக்கையை நீட்டித் திருத்தினார்கள். எனவே 1911 காசு குறைவு, விலையும் கூடுதல். அதனாலேயே 1917-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 1911 ஆக்குவார்கள். அப்படிச் செய்பவர்களால் யானையை மாற்ற முடிவதில்லை. தேதி 1911, துதிக்கையோ நீளம் என்றால் அது திருத்திய காசு. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் கடைசி எண்ணைச் சுற்றிச் சுரண்டிய கோடுகளும் தெரியும்.

ஐந்தாம் ஜார்ஜில் 1921, 1922 ரூபாய்கள் அரிது. ஆறாம் ஜார்ஜில் 1939 மிக அரிது. 1938-ஐ 1939 ஆகத் திருத்திய காசுகள் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே எடை, ஒரே தரம் என்பதால் தராசும் தண்ணீரும் உதவாது. 9-இன் வடிவத்தை மற்ற எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் விவரம் தெரிந்த ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

அடுத்தது 1862. ஒரே மாதிரி தெரியும் காசுகளை மொத்தமாகத் தள்ளிவிடுவது இங்கேதான் நடக்கிறது. 1862 என்று தேதி இருந்தாலும் அந்தத் தேதியோடே பத்தாண்டுக்கு மேல் காசு அடித்தார்கள். எந்த ஆண்டுக் காசு என்பதைப் பம்பாய் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் சாலை, சிறு புள்ளிகளால் குறித்தது. பின்புறத்தில் தேதிக்குக் கீழேயும் மேலேயும் உள்ள புள்ளிகளை எண்ணி, வகைவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். சில புள்ளிக் கணக்குகள் சாதாரணம், சில அப்படியல்ல. 1840 காசிலும் இதே போல ஒரு பிரிவு உண்டு: ராணியின் தலையைச் சுற்றி எழுத்து இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடுவது ஒன்று, தலையின் இருபுறமும் பிரிந்து நிற்பது மற்றொன்று. குவியலைப் பிரிக்கும்போதே இவற்றைத் தனித்தனியாக்கிவிட்டால், பார்க்க வருபவர் உங்களிடம் கவனமாகத்தான் பேசுவார்.

ஆங்கில எழுத்தே இல்லாமல் பாரசீக எழுத்து மட்டும் உள்ள வெள்ளிக் காசு கிடைத்தால் அதைத் தனிக் கவரில் போடுங்கள். ஆற்காடு ரூபாயாக இருக்கலாம். கம்பெனியின் சென்னை அக்கசாலை அடித்ததில் தாமரைக் குறி இருக்கும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்ததில் பிறைக் குறி. ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் பெருமாளும் தமிழ், தெலுங்கு எழுத்தும் உள்ள காசு என்றால் அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அடித்த வெள்ளி வராகன் வகை. அரை வராகன் 21 கிராம் அளவு, கால் வராகன் அதில் பாதி. நம் ஊரில், நம் எழுத்தோடு அச்சான காசு அது. அதை உருக்குபவரை என்னால் மன்னிக்க முடியாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் இந்தக் காலத்துக் காசுகளைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இவை தவிர, தேதி சாதாரணமானாலும் தேயாத காசைத் தனியே வையுங்கள். விக்டோரியாவின் புருவத்துக்கு மேல் உள்ள முடிக் கோடுகள், உடையின் பூ வேலை, எட்வர்டின் காதோரம், ஜார்ஜின் கிரீடத்துக் கற்கள். தேய்மானம் முதலில் இந்த மேடுகளில்தான் தெரியும். அங்கே கோடுகள் கூர்மையாக நின்று, காசைச் சாய்க்கும்போது ஒளி வட்டமாகச் சுழன்றால் அது எடைக்குப் போக வேண்டிய காசு இல்லை. நேர்மாறாக, வளையம் பற்றவைத்தது, துளையிட்டது, காசுமாலையிலிருந்து பிரித்தது, சராப்பு (காசைச் சோதிக்கும் வட்டிக்கடைக்காரர்) முத்திரை குத்தியது, ஓரம் அராவியது எல்லாம் சேகரிப்பவருக்கு வேண்டாதவை. தேதி அரிதாக இல்லாவிட்டால் அவை எடைக் குவியலுக்கு. பற்று ஒட்டிய ஈயத்தைக் கடைக்காரர் கழிப்பார், அது நியாயம்தான்.

காசை விளக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. நம் வீடுகளில் வெள்ளி என்றாலே விபூதி, புளி, சபீனா, பல்பொடி. குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேற்பரப்பில் ஆயிரம் நுண்கீறல் போட்டுவிடும், பிறகு எதாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கருப்பாகவோ நீலமும் ஊதாவுமாகவோ நிறம் ஏறியிருந்தால் அப்படியே விடுங்கள், சேகரிப்பவர் அதைத்தான் விரும்புவார். பூஜையில் இருந்த காசில் குங்குமமும் சந்தனமும் எண்ணெயும் அப்பியிருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, தானாக விட்டு வருவதை மட்டும் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும், பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சையாகப் பிசுபிசுத்ததற்கும் சுத்தமான அசிட்டோன் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னல் திறந்து, விளக்கோ அடுப்போ இல்லாத இடத்தில். வாசனை கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம்.

வைக்கும் இடமும் முக்கியம். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊர் நம் சென்னை. மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய காசில் கோடு கோடாகக் கருக்கும், ரப்பரில் உள்ள கந்தகம் அதற்குக் காரணம். செய்தித்தாளில் சுற்றுவதும், மென்மையான பி.வி.சி. ஆல்பத்தில் செருகுவதும், பக்கத்தில் அந்துருண்டை போடுவதும் வேண்டாம். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாள் உள்ள அட்டை ஹோல்டர் அல்லது கெட்டியான வட்டக் கேப்ஸ்யூல், அதைக் காற்றுப் புகாத டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பையோடு. ஜெல்லை வருடத்துக்கு ஓரிரு முறை மாற்றுங்கள். காசை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள்.

விற்கும் கணக்குக்கு வருவோம். எளிதாக இருக்க, வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தேயாத 91.7 ரூபாயில் உள்ள வெள்ளி 1,069 ரூபாய். தேய்ந்து 11.4 கிராம் ஆனதில் 1,045. 1944 காசில் 583. அன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாளிதழில் வரும் விலை நீங்கள் வாங்கும்போது கொடுப்பது. விற்கும்போது அதில் கழிவு போகும். சௌகார்பேட்டையில் என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய சந்துகளிலும் தங்கசாலைப் பக்கமும் குறைந்தது மூன்று கடையில் கேளுங்கள். கேட்க வேண்டியது “காசுக்கு எவ்வளவு?” என்றல்ல. “டச் எவ்வளவு போடுவீங்க, கழிவு எவ்வளவு?” என்று. 91-க்குப் பதில் 80 டச் போடுபவரிடமிருந்து காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். 50 சதவீதக் காசுக்கு உருக்குக் கடையில் நல்ல விலை வராது. சுத்திகரிக்கும் செலவு அதிகம் என்பதால் நிறையக் கழிப்பார்கள். அவற்றை நகரத்தில் நடக்கும் நாணயக் கண்காட்சியில் நாணய வியாபாரியிடம் கொடுப்பதே மேல்.

91.7 தரத்துச் சாதாரண ராணிக் காசையும் எட்வர்டையும் உருக்கு விலைக்குக் கொடுக்கும் முன் ஒரு நாணய வியாபாரியிடம் காட்டுங்கள். லட்சுமி பூஜைக்கும் பரிசுக்கும் கேட்பவர்கள் இருப்பதால், தெளிவான காசுக்கு எடை விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். பணம் உடனே வேண்டும் என்றால் என் யோசனை: பற்றுவைத்தவை, துளையிட்டவை, முகம் தேய்ந்தவை முதலில் போகட்டும். அடுத்து தேய்ந்த 91.7 காசுகள். அரிதானவையும் தேயாதவையும் கடைசிவரை இருக்கட்டும். அவற்றை ஒரே ஆளிடம் ஒரே நாளில் விற்காதீர்கள். நல்ல காசு நாலைந்து இருந்தால் ஏலத்தில் விடுவதையும் யோசியுங்கள், ஆனால் கமிஷன் விகிதத்தையும் குறைந்தபட்ச விலையையும் எழுத்தில் வாங்கிய பிறகு.

அண்ணன் தம்பிகளுக்குள் பிரிக்கிற வீடுகளில் காசை எண்ணிப் பிரிப்பார்கள். ஆளுக்கு இருபது என்று. ஒருவருக்கு 1905-உம் இன்னொருவருக்கு 1945-உம் போனால் வெள்ளியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம், பின்னால் மனத்தாங்கல். 91.7 தனி, 50 தனி என்று எடை போட்டுப் பிரித்து, அரிய காசுகளுக்கு மட்டும் விலை மதித்து ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவருக்கு ஈடு கொடுப்பதுதான் சரி.

சட்டமும் கொஞ்சம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். ஐந்தாம் ஜார்ஜ் வரையிலான முழு ரூபாய்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. வீட்டில் வைத்திருக்கலாம். வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் கொடுத்துவிடுவதும், இணையத்தில் வெளிநாட்டாருக்கு விற்பதும் இதில் அடங்கும். தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணில் கிடைத்த காசு என்றால் கதை வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மோசடிகள் நம் ஊரில் புதிதல்ல. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்று ஏமாந்தவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. அனுமன், ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818 தேதியும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் உள்ளவை எந்த அரசும் வெளியிட்ட நாணயம் அல்ல. பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி “கமிஷன், வரி முன்கூட்டிக் கட்டுங்கள்” என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் அழைப்பு முழுப் பொய். தாங்கள் இப்படிப்பட்ட வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது.

கடைக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு காசையும் இருபுறமும் படம் எடுத்து, ஆண்டு, எடை, தண்ணீர் எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடையில் உங்கள் கண்முன்னே தராசு போடச் சொல்லுங்கள், காசை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். ஒரே விற்பனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு. வங்கி வழியாக வாங்கிக்கொண்டு, எடையும் டச்சும் குறித்த ரசீது கேளுங்கள். பெரிய தொகை என்றால் மூலதன ஆதாய வரி வரும். பரம்பரையாக வந்த காசுக்கு முன்னோர் வைத்திருந்த காலமும் சேரும் என்பதையும், 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய மதிப்பை அசலாக எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் ஆடிட்டரிடம் நினைவுபடுத்துங்கள். அந்த நோட்டும் ரசீதும் அப்போது தேவைப்படும்.